மாடிவீட்டுப் பெண்ணின் காலேஜ்

எனக்குப் பொறாமை வராது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். வரவேண்டிய அவசியம் இருந்ததில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். ஹைதராபாத் பாலாநகரில் ஒரு லேத் பட்டறையில் இரும்புச் சீவல் பெருக்கித் தொடங்கினேன். அதே பாலாநகரில் பிறகு சொந்தமாக ஷெட் போட்டு, வரிசையாக மெஷின் நிறுத்தி, எனக்குச் சம்பளம் கொடுத்த முதலாளியின் மகனுக்கே வேலை கொடுத்தேன். என் ஷெட்டில் கடைந்த புஷ் என்கிற உலோக வளையங்கள் விமானத்துக்கான கருவிகள் செய்கிற கம்பெனிக்குப் போயின. தலைக்கு மேல் விமானம் போனால் மற்றவர்கள் காதைப் பொத்துவார்கள். நான் நிமிர்ந்து பார்த்து, "போ, பத்திரமாப் போ" என்பேன். என் சாமான் அதற்குள் இருக்கிறதோ இல்லையோ, சொல்வதில் என்ன நஷ்டம்? லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் கலாசிகளுக்கு, அதாவது பட்டறைக் கூலியாட்களுக்கு, பிள்ளையாகப் பிறந்தவர்களில் மூன்று மாடி கட்டியவன் என்னைத் தவிர இன்னொருவன் இருந்தால் காட்டுங்கள், பார்க்கலாம். அப்படிப்பட்டவன் யாரைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும்?

அந்த வியாதி கிழவனான பிறகு வந்தது. யார் மேல் வந்தது என்றால், என் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்த பெண் மேல். தான்சானியா தேசத்துப் பெண். இருபது வயது இருக்கும். என் பேத்தியைவிட ஒரு சாண் உயரம்.

எங்கள் பக்கம் வெளிநாட்டுப் பிள்ளைகள் குடியிருப்பது புதிதல்ல. பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருப்பதால் சூடான், ஏமன் என்று எங்கெங்கிருந்தோ வந்து தார்நாகா சந்துகளில் அறை எடுத்துத் தங்குவார்கள். எனக்கு வாடகைக்காரர்கள் விஷயத்தில் ஒரே கொள்கைதான்: மொட்டை மாடிக் கதவைச் சாத்தத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. சத்தம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக்கொண்டு அவள் பாஷையில் ஏதோ பாடுவாள், அவ்வளவுதான். வந்த மூன்றாம் மாதமே என் மனைவியின் சமையலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தாள். அவள் பேச்சு பாதி இங்கிலீஷ், பாதி கடைத்தெருவில் பொறுக்கிய ஹிந்தி. என் மனைவிக்கு ஜோலார்பேட்டைத் தமிழும் கொஞ்சம் தெலுங்கும்தான். இரண்டு பேரும் மணிக்கணக்காகப் பேசுவார்கள். எந்த பாஷையில் என்று கேட்டால் இரண்டு பேருக்குமே சொல்லத் தெரியாது.

ஒருநாள் வாடகை கொடுக்க வந்தபோது கேட்டேன். "உங்கப்பா பணம் அனுப்பறாரா?"

"இல்ல தாத்தா. உங்க கவர்மெண்ட்."

"எங்க கவர்மெண்ட்டா?"

"ஹவ் தாத்தா." ஆமாம் என்பதற்கு இந்த 'ஹவ்' என்பதை யாரிடம் பிடித்தாளோ, எங்கள் தெருக்காரி மாதிரியே சொல்வாள். "காலேஜ் ஃபீஸ் கிடையாது. மாசம் கைச்செலவுக்குத் தர்றாங்க. வீட்டு வாடகையும் தர்றாங்க."

அதாவது அவள் என்னிடம் கொடுத்தது நம் சர்க்கார் பணம். நான் எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, பெருமையாகக்கூட இருந்தது. எத்தனை கடல் தாண்டி வந்த பெண்ணுக்கு நாம் படிப்புச் சொல்லித்தருகிறோம் என்று பாலாநகரில் டீக்கடையில் நான்தான் கையை ஆட்டிப் பேசினேன்.

என் பேத்தி அப்போது ஊரில் இல்லை. நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அனுப்பச் சொன்னது நான். பத்தாவது வரைக்கும் இங்கே எங்கள் தெருமுனைப் பள்ளியில்தான் படித்தாள். நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் ஹிந்தி. பொய் சொல்லும்போது இங்கிலீஷ். இப்படியே விட்டால் என் பேரைத் தமிழில் எழுதக்கூடத் தெரியாமல் போய்விடும் என்று நினைத்தேன். அந்தப் பள்ளியில் மார்க் கொட்டும் என்றும் சொன்னார்கள். ஹைதராபாத்தில் இருக்கிற நம்மவர்கள் பாதிப் பேர் பிள்ளைகளை இப்படி இரண்டு வருஷம் அந்தப் பக்கம் அனுப்பித்தான் படிக்கவைக்கிறார்கள். "ரெண்டே வருஷம், கண்ணை மூடித் திறந்தா ஓடிடும்" என்று சொல்லி நானே ரயிலேற்றினேன். இன்றைக்கும் அது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். மார்க் கொட்டத்தான் செய்தது. தமிழில் எனக்குக் கடிதம் எழுதினாள், அதில் 'ழ' எல்லாம் சரியான இடத்தில் இருந்தது.

திரும்பி வந்து இங்கே என்ட்ரன்ஸ் எழுதினாள். நல்ல ரேங்க். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு இடம்தான். பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிற எஞ்சினியரிங் கல்லூரி, எலக்ட்ரானிக்ஸ். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் அந்த வளாகத்து மரங்கள் தெரியும். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்த மரங்களைக் காட்டித்தான் அவளுக்குச் சோறு ஊட்டுவார்கள். வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். மாடிவீட்டுப் பெண் படித்ததும் அதே கல்லூரியில், அதே எலக்ட்ரானிக்ஸில்தான். விடுமுறையில் இரண்டும் சேர்ந்துகொண்டு அந்தக் காலேஜைப் பற்றித்தான் பேசும். எந்த லேப் எங்கே இருக்கிறது, கேன்டீனில் எந்த நேரத்துக்கு சமோசா சூடாக வரும் என்பதுவரை என் பேத்திக்கு மனப்பாடம். சேர்ந்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். நாங்களும்தான்.

சர்டிபிகேட் சரிபார்க்கிற இடத்துக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். என் மகனுக்குக் கொண்டாப்பூரில் கம்ப்யூட்டர் வேலை, லீவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் நான்தான் போயிருப்பேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். அங்கே மேசைக்குப் பின்னால் ஒரு வாத்தியார் உட்கார்ந்திருந்தார், சின்ன வயசு. பேசியதெல்லாம் தெலுங்கில். எனக்குத் தெலுங்கும் தமிழும் ஒன்றுதான், ஆகையால் தமிழிலேயே எழுதுகிறேன்.

"இன்டர் எங்க படிச்சேம்மா?" பதினொன்றும் பன்னிரண்டும் இங்கே இன்டர்.

"நாமக்கல் சார்."

"அது எந்த ஜில்லா?"

"அது தமிழ்நாட்டுல சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப நீ நான்-லோக்கல்."

நான் சிரித்துவிட்டேன். "யாரு சார், நாங்களா? எங்கப்பா நிஜாம் காலத்து ரயில்வே பட்டறையில சுத்தி பிடிச்சவரு. நான் பொறந்தது லாலாகுடா. இவ அப்பன் பொறந்தது லாலாகுடா. இவளும் அங்கதான்."

"பெத்தாயனா," பெரியவரே என்கிறார், "பொறந்ததைக் கேக்கலை. கடைசி நாலு வருஷம் சேர்ந்தாப்ல இங்க படிச்சிருக்கணும். பாப்பா கடைசி ரெண்டு வருஷம் வெளியில போயிட்டா."

"அதுக்கு முன்னாடி பத்து வருஷமும் இங்கதானே படிச்சா?"

"முன்னாடி படிச்சதுக்குப் பலன் கிடையாது. கடைசியில விட்டுட்டீங்களே."

"எங்க தெருவுல போனாலு அம்மன் பண்டிகைக்கு முதல் சந்தா யாருதுன்னு கேட்டுப் பாருங்க. நான் ஓட்டுப் போடறது எங்கன்னு பாருங்க."

"ஐயா, நீங்க லோக்கல்தான்" என்றார் அவர், பொறுமையாக. "பாப்பாதான் நான்-லோக்கல்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பேத்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "போதும் தாத்தா. நக்கோ, வேணாம்."

எனக்குப் புரியும்படி அவர் விளக்கினார். கெட்ட மனுஷர் இல்லை. பெரும்பாலான இடங்கள் லோக்கல் பிள்ளைகளுக்கு. கொஞ்சம் இடம் பொதுவாக விடுவார்கள். அப்பா அம்மா பத்து வருஷம் இங்கே குடியிருந்ததற்கு அத்தாட்சி கொடுத்தால் அந்தக் கொஞ்ச இடத்துக்கு இவளும் போட்டி போடலாம். அதில் லோக்கல் பிள்ளைகளும் போட்டிக்கு வருவார்கள். லோக்கல் பிள்ளைகளில் வசதியில்லாதவர்களுக்கு சர்க்கார் ஃபீஸ் கட்டும். இவளுக்கு அந்தப் பேச்சே கிடையாது. "இந்த ரேங்க்குக்கு லோக்கலா இருந்திருந்தா நீ கேட்ட காலேஜ் முதல் ரவுண்டுலயே வந்திருக்கும்மா" என்று கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்தால் படிக்கட்டில் மாடிவீட்டுப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் தகவல் தெரிய வேண்டும் என்று காத்திருந்தாள். பேத்தி அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். நான் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நீ இந்த ஊர்ல பொறந்தும் லோக்கல் இல்லையா?" என்றாள் அந்தப் பெண். "அப்ப நான்?"

"நீ ஃபாரினர்."

"எனக்கு இங்க ரெண்டு வருஷம் முடிஞ்சது. நாலு வருஷம் முடிஞ்சா நான் லோக்கல் ஆயிடுவேனா?"

இரண்டும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தன. என் பேத்தி அழுதிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். சிரித்ததுதான் தாங்கவில்லை. நான் உள்ளே போய் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து அதையே நினைத்தேன். நாலு வருஷம் அவளுக்குத்தான் முடியப்போகிறது. அந்த வளாகத்தில், அந்த மரத்தடியில், அந்த சமோசாவோடு, ஃபீஸ் இல்லாமல். என் வீட்டுப் படியிலிருந்து இறங்கி நடந்து போய், சாயங்காலம் என் வீட்டுப் படியிலேயே ஏறி வருவாள்.

பணத்துக்காக இல்லை, இதைப் புரிந்துகொள்ள வேண்டும். மகன் அன்று ராத்திரியே சொன்னான், கொண்டாப்பூர் பக்கம் நல்ல தனியார் கல்லூரி இருக்கிறது, மேனேஜ்மென்ட் சீட் வாங்கிவிடலாம் என்று. வாங்க எனக்கா வக்கில்லை? காசு கொடுத்து வாங்கக்கூடிய எதையும் நான் வாங்காமல் விட்டதில்லை. பேத்திதான், "வேணாம்பா, நான் ரேங்க் எடுத்திருக்கேன், விலை குடுத்தா அது எதுக்கு?" என்றாள். என் ரத்தம். காசுக்கு வராத ஒரு பொருள் என் வீட்டு மாடியிலேயே ஒருத்தியிடம் சும்மா இருந்தது, அதுதான் என்னைச் சுட்டது.

மறுநாள் காலை என் மனைவி மாடிக்கு இட்லி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"எதுக்கு தினம் தினம்? அவளுக்குத்தான் கவர்மெண்ட் குடுக்குதே."

"இன்னாங்க பேசறீங்க? வெக்கமா இல்ல? அவ இன்னா உங்க பேத்தி சீட்டையா புடுங்கிக்கினா?"

"நான் அப்டி சொன்னனா?"

"மூஞ்சி சொல்லுது. அவ சீட்டு வேற கணக்கு, இவ சீட்டு வேற கணக்கு. நேத்து அந்தப் பொண்ணே எனக்கு வெளக்கி சொல்லிச்சு. அவள அனுப்பிட்டா மட்டும் அந்த எடத்துல நம்மள உக்கார வெப்பாங்களா?"

வைக்கமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். தெரிந்தால் நின்றுவிடுமா? இட்லி மாடிக்குப் போனது. நான் கீழே உட்கார்ந்து, அந்தப் பெண் காலையில் தலை வாரிக்கொண்டே இறங்கும் செருப்புச் சத்தத்தைக் கேட்பேன். அந்தச் சத்தமே எனக்கு ஆகாமல் போயிற்று. அவள் "குட் மார்னிங் தாத்தா" என்றால் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். பேப்பரில் அன்றைக்கு என்ன இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

தமிழ்நாட்டுப் பக்கம் முயற்சி செய்யாமல் இருக்கவில்லை. இரண்டு வருஷம் அங்கே படித்தவள்தானே, அங்கேயாவது உள்ளூர்க்காரியாக எடுத்துக்கொள்ளட்டுமே என்று எங்கள் பூர்வீகமான ஜோலார்பேட்டையில் இருக்கிற என் மைத்துனர் மகனுக்குப் போன் போட்டேன். அவன் அலைந்து பார்த்துவிட்டு, "மாமா, நேட்டிவிட்டி சர்டிபிகேட் கேக்கறாங்க. இங்க உங்களுக்கு வீடு இருக்கா, வாசல் இருக்கா?" என்றான்.

"எங்க தாத்தா வீடு இருந்ததுடா, ஸ்டேஷனுக்குப் பின்னால."

"அங்க இப்ப கல்யாண மண்டபம் இருக்குது மாமா. வி.ஏ.ஓ. கிட்ட போனா, 'ஐதராபாத்து தெலுங்குக்காரங்களுக்கெல்லாம் நான் எப்படிக் குடுக்கறது'ன்றாரு."

"நான் தெலுங்குக்காரனாடா?"

"எங்கிட்ட கத்தி இன்னா மாமா பிரயோஜனம்? நீங்க பேசறதக் கேட்டா எனக்கே சந்தேகமா கீது."

அவன் சிரித்துக்கொண்டே வைத்தான். அங்கே ஹைதராபாத்காரன், இங்கே பேத்தி வெளியூர்க்காரி. தான்சானியாக்காரிக்கு ஒரு குழப்பமும் இல்லை. அவள் தான்சானியாக்காரி, அதற்கென்று தனி இடம், தனி உதவி.

அந்தக் கோபத்தில்தான், குடியிருப்புச் சான்றிதழைக் கொடுக்க மறுபடியும் போனபோது, அந்த வாத்தியாரிடம் ஒரு யோசனை சொன்னேன். நன்றாக யோசித்துத்தான் சொன்னேன்.

"சார், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு தனியா சீட்டு இருக்குதாமே?"

"இருக்குது பெத்தாயனா."

"எங்கள நீங்க உள்ளூர்னு ஒத்துக்கல. தமிழ்நாட்டுலயும் ஒத்துக்கல. அப்ப ரெண்டு பக்கமும் நாங்க வெளியாளுங்க. எங்க பாப்பாவை அந்த வெளிநாட்டுக் கணக்குல போட்டுடுங்களேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். விளையாட்டில்லை என்று தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். "அதுக்கு வேற நாட்டு பாஸ்போர்ட் வேணும் ஐயா. உங்ககிட்ட எந்த நாட்டு பாஸ்போர்ட் இருக்கு?"

"எந்த நாட்டுதும் இல்ல. நான் காசிக்குக்கூட ரயில்லதான் போனேன்."

"அப்ப நீங்க சுத்தமான இந்தியர். நான் என்ன செய்ய?"

டீ நன்றாக இருந்தது. குடித்துவிட்டு வந்தேன். பேத்திக்கு இந்தக் கதை எப்படியோ தெரிந்து, மாடிவீட்டுப் பெண்ணிடம் சொல்ல, அவள் இறங்கி வந்து என்னெதிரே கைகட்டி நின்றாள்.

"தாத்தா, உங்களுக்கு என் பாஸ்போர்ட் வேணுமா?"

"உன் வேலையைப் பாரும்மா."

"நிஜமாத்தான். எங்க ஊருக்கு வாங்க. என் ரூமை இவளுக்குக் குடுக்கறேன், எங்கம்மா இட்லி குடுப்பாங்க."

"உங்கம்மாவுக்கு இட்லி தெரியுமா?"

"தெரியாது. நீங்க தின்னுதான் ஆகணும்."

என் மனைவி சமையலறையில் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் உதடு கொஞ்சம் ஆடியது. அடக்கிக்கொண்டேன். அன்றைக்குத்தான் அந்தப் பெண் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். ஒரு பேப்பரில் பெயிலானாலும் உதவித்தொகை நின்றுவிடும் என்பார்களாம். டிக்கெட் விலை காரணமாக வந்ததிலிருந்து ஒருதடவைகூட வீட்டுக்குப் போகவில்லையாம். அவள் தம்பி இப்போது அவளைவிட உயரமாம், போட்டோவில்தான் பார்த்தாளாம். கேட்டபோது பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் அவள் புஸ்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அந்த மரங்களின் பக்கம் நடந்து போவதைப் பார்த்ததும், பாவம் எங்கேயோ போய் பழையது திரும்பி வந்துவிட்டது.

முதல் ரவுண்டில் அந்தக் கல்லூரி வரவில்லை. இரண்டாவது ரவுண்டில் வேறொரு அரசுக் கல்லூரி வந்தது. கரீம்நகரையும் தாண்டி, கோதாவரிப் பக்கம். எலக்ட்ரானிக்ஸ்தான், ஆனால் ஹாஸ்டலில் இருந்துதான் படிக்க வேண்டும். கடைசி ரவுண்டு பாக்கி. பொதுப் பிரிவில் வளாகக் கல்லூரியில் யாராவது ஒருத்தர் வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனால் இவளுக்கு வரலாம் என்றார்கள். ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்து யாராவது போகமாட்டார்களா என்று முன்பின் தெரியாத பிள்ளைகளுக்காகவெல்லாம் என் மனைவி விளக்கேற்றினாள். நான் அப்படி ஊரார் பிள்ளைகள் முன்னேற வேண்டும் என்று வேண்டிக்கொண்டது வாழ்க்கையிலேயே அந்த ஒரு வாரம்தான்.

முடிவு வந்த அன்று மகன் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தான். எல்லாரும் சுற்றி நின்றோம். மாடிவீட்டுப் பெண்ணும் நின்றாள், பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு. ஒரு இடம் காலியாகத்தான் ஆகியிருக்கிறது. அது இவளுக்குக் கொஞ்சம் முன்னால் இருந்த யாருக்கோ போய்விட்டது. திரையில் பழையபடி கோதாவரிக் கல்லூரியே நின்றது.

மகன் லேப்டாப்பை மூடிவிட்டு, "கொண்டாப்பூர் காலேஜ் இன்னும் கேட்டுப் பாக்கலாம்" என்றான்.

"வேணாம்பா. இங்கயே போறேன்" என்றாள் பேத்தி.

"ஹாஸ்டல்லயா?" என்றேன்.

"ஹாஸ்டல் எனக்குப் புதுசா தாத்தா?"

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போனவள் இருட்டுகிறவரை இறங்கவில்லை. அந்தப் பெண்ணும் கூடப் போனாள். நான் போகவில்லை. அங்கிருந்து எந்த மரங்கள் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

பேத்தியை ஹாஸ்டலில் கொண்டுபோய்விட்டு வந்த பிறகு பாலாநகரில் என் வாய் பழையபடி ஆகிவிட்டது. "லோக்கல்ல யார் வேணும்னாலும் வாங்கலாம்பா. எங்க பாப்பா ஓபன்ல வாங்கினவ. மொத்த ஸ்டேட்டோட மோதி எடுத்த சீட்டு" என்று டீக்கடையில் சொல்வேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். வீட்டுக்கு வந்தால் பேத்தியின் அறை பூட்டியிருக்கும், மாடியில் ட்யூப்லைட் எரியும், அந்தப் பெண் படித்துக்கொண்டிருப்பாள். டீக்கடையில் பேசினதெல்லாம் படியேறும்போதே வற்றிவிடும்.

குளிர் காலத்தில் ஒருநாள் காலை மாடிவீட்டுப் பெண்ணுக்குப் பரீட்சை. கீழே வந்து அவசரமாக உப்புமாவை விழுங்கிவிட்டு ஓடினாள். அவள் போன கொஞ்ச நேரத்தில் என் மனைவி சமையலறையிலிருந்து கத்தினாள். "ஏங்க, அந்தப் பொண்ணு ஹால் டிக்கெட்ட மிக்ஸி மேலயே வெச்சுட்டுப் போயிருக்குது! போன் போட்டா எடுக்கல. கெளம்புங்க, கெளம்புங்க!"

"நானா?"

"பின்ன நானா ஸ்கூட்டர் ஓட்டப்போறேன்? ஒரு பேப்பர் போச்சுன்னா அவளுக்கு எல்லாம் போச்சு, தெரியுமில்ல?"

கிளம்பினேன். தார்நாகா சந்திப்பை இந்த வயதில் அந்த வேகத்தில் கடந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒரு பஸ் டிரைவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். கல்லூரி வாசலில் வாட்ச்மேன் கையை நீட்டித் தடுத்தார்.

"கைக்கு ஆயே சாச்சா?" ஏன் வந்தீர் என்கிறார்.

"ஹால் டிக்கெட் குடுக்கணும். உயரமா, ஆப்பிரிக்காப் பொண்ணு."

"உங்களுக்கு என்ன வேணும் அவ?"

என்ன சொல்வது? "என் வீட்டுல வாடகைக்கு இருக்கா" என்றேன்.

"வாடகைக்காரிக்கு ஹால் டிக்கெட் கொண்டாற ஓனரை இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்று சிரித்து, வழியைவிட்டு, எந்தக் கட்டடம் என்றும் காட்டினார்.

அவள் படிக்கட்டில் பையைக் கவிழ்த்துப்போட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து, ஹால் டிக்கெட்டை வாங்கி, என் கையை இரண்டு கையாலும் பிடித்து அவள் பாஷையில் "அசாந்தே, அசாந்தே" என்றாள். நன்றி என்று அர்த்தம். என் மனைவிக்கு அவள் சொல்லிக்கொடுத்த முதல் வார்த்தை. பிறகு நாலு நாலு படியாகத் தாவி உள்ளே போய்விட்டாள்.

நான் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. இத்தனை வருஷம் மாடியிலிருந்து பார்த்த இடம், உள்ளே வந்தது அன்றைக்குத்தான். நடந்தேன். யாரும் தடுக்கவில்லை, வெள்ளைச் சட்டை போட்ட கிழவனை ஏதோ பெரிய வாத்தியார் என்று நினைத்திருப்பார்கள், இரண்டு பையன்கள் வணக்கம்கூட வைத்தார்கள், நானும் தலையசைத்தேன். எலக்ட்ரானிக்ஸ் லேப் ஜன்னல் திறந்திருந்தது. மேசைகள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் ஒரு கருவி, அதன் திரையில் பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. வெளிச்சம் நன்றாக விழுந்தது. ஜன்னலோரம் ஒரு ஸ்டூல் காலியாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒர்க்‌ஷாப். எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்த லேத்துகள். என் ஷெட்டில்கூட அவ்வளவு சுத்தமாக நான் வைத்திருந்ததில்லை. மரங்கள் கிட்டே வந்து பார்த்தால் இன்னும் பெரிசு. கேன்டீனில் ஒரு சமோசா வாங்கினேன். சூடாக இருந்தது. பாதிதான் தின்ன முடிந்தது.

சாயங்காலம் பேத்தி போன் செய்தாள். அவள் பாட்டி அதற்குள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"தாத்தா, நீ காலேஜுக்குள்ள போனியாமே! எப்படி இருக்கு?"

"இன்னா பெரிசா இருக்குது? பழைய கட்டடம். வெளியில இருந்து பாக்கறதுக்குத்தான் பேரு."

"லேப் பாத்தியா?"

"பூட்டி வெச்சிருந்தாங்க."

"காலையிலயா? பரீட்சை நேரத்துலயா?"

"ஆமா. சாவி வெச்சிருக்கறவன் வரலையாம்."

"எங்க லேப்ல புது மெஷினெல்லாம் வந்திருக்கு தாத்தா" என்றாள்.

"இந்தக் காலேஜ்ல அதெல்லாம் ஒண்ணும் கெடையாது. சமோசாகூட ஆறிப் போச்சு."

"பொய் சொல்றே. பொய் சொன்னா நீ வேகமா பேசுவே." சிரித்தாள். "அவ எப்படி எழுதினாளாம்? கேட்டியா?"

கேட்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் வாசல் கேட் திறந்தது, அந்தப் பெண் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே என் மனைவியைப் பார்த்து இரண்டு கட்டை விரலையும் உயர்த்திக் காட்டினாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கா" என்று போனில் சொன்னேன். எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.